மாப்பிள்ளையும் முப்பத்தொன்றாம் பக்கமும்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய மேல்தளப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

எங்கள் பட்டறையில் வடிவமைத்த கலம் ஒன்று இந்த வாரம் தங்கள் ஆய்வுக் கப்பலில் ஏற்றப்படுகிறது. ஆள் இல்லாமல், கயிறு இல்லாமல், தானாகவே கடலடிக்கு நீந்திப் போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்பி வரும். நீளம் மூன்றேகால் மீட்டர், மஞ்சள் நிறம். அதைக் கடலில் இறக்குவதும் திரும்ப ஏற்றுவதும் தங்கள் பொறுப்பு என்று அறிகிறேன். நாற்பது பக்கக் கையேடு கலத்தோடு வருகிறது. முழுவதும் படிக்கவும்.

கப்பலில் சொந்த போன் பேச வசதி இல்லை, தினம் காலையில் ஒரு முறைதான் கடிதங்கள் செயற்கைக்கோள் வழியாகப் போய்வரும் என்றார்கள். ஆகவே சந்தேகங்களை எழுத்தில் கேட்கவும்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்

பி.கு.: மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போனீர்களா என்று அக்கா கேட்கச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.


ஜனவரி 14

அன்புள்ள நட்டு,

யாரம்மா அது மதிப்பிற்குரிய மேல்தளப் பொறுப்பாளர்? நான் உன் அக்கா புருஷன். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் ஏழு வயதில் என் கைக்கடிகாரத்தைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி, திரும்பப் பூட்டிவிட்டு, "மாமா, ஒண்ணு மிச்சம் வருது" என்று கையில் கொடுத்தவள் நீ. அன்று வைத்த பெயர்தான் நட்டு. எட்டு மாதம் பேசாமல் இருந்தால் பெயர் மாறிவிடுமா?

இங்கே ரேடியோக்காரர்தான் கடிதங்களை அச்செடுத்துத் தருவார். படித்துவிட்டுத்தான் தருவார். "யாரு சார் இந்த அம்மா, இவ்ளோ மரியாதை?" என்றார். "என் மச்சினி. கோவமா இருக்கா" என்றேன்.

கோபம் எனக்கும்தான் இருக்கிறது. போன வருடம் உன் பழைய கலத்தைச் சோதிக்க இதே கப்பலுக்கு வந்தாய். அன்று அலை மூன்று மீட்டர். இறக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதனை ரத்தாகி உனக்கு ஒரு வருடம் போயிற்று, தெரியும். அதற்காக இருபது பேர் முன்னால், "உங்களுக்குப் பயம், மாமா. வயசாயிடுச்சு" என்றாயே. அது இன்னும் காதில் இருக்கிறது.

கையேடு வந்தது. இருபத்தாறு வருடமாக இந்தத் தளத்தில் நிற்கிறவனுக்குச் சாமான் இறக்கச் சொல்லித்தர நாற்பது பக்கமா? என் அறை மேசைக்கு ஒரு கால் கட்டை. இப்போது ஆடுவதில்லை. நன்றி.

கண்ணாடி இருக்கிறது என்று உன் அக்காவிடம் சொல்.

மாமா


ஜனவரி 16

மாமா,

மாமா என்று எழுதிவிட்டேன், போதுமா? கையேட்டைப் படிப்பதும் மேசைக்கு முட்டுக் கொடுப்பதும் உங்கள் இஷ்டம். நான் எதையும் இரண்டாம் தடவை சொல்வதாக இல்லை. அதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆனது என்பதை மட்டும் ரேடியோக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நட்டு


ஜனவரி 30

அன்புள்ள நட்டு,

வீம்பை ஒரு ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அபாரம்!

உன் கலத்துக்கு இங்கே மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாகிவிட்டது. வைத்தவர் சமையல்காரர். எங்களுக்குக் குளிக்க ஆளுக்கு ஒன்றரை வாளி, மாப்பிள்ளைக்கு மேலேறியதும் உடம்பு முழுக்க நல்ல தண்ணீர். நாங்கள் வேர்த்து வழிகிறோம், அவர் தங்குவது ஏசி அறையில். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு, ஆனா ஆறு பேரு தாங்கு தாங்குன்னு தாங்கணும். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?" என்கிறார். நானும் என் பங்குக்கு வெளியே தெரியும் உலோகத்துக்கெல்லாம் கையாலேயே கிரீஸ் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். என் தளத்தில் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை மூன்று முறை இறக்கியாயிற்று. முதல் நாள் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு அது உள்ளே போனதும் நான் கம்பியோரத்தை விட்டு நகரவில்லை. பின்னே, கயிறு கட்டாத எதையும் நான் கடலில் போட்டதே இல்லை. பத்து மணி நேரம் கழித்து, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னால் வந்து மிதந்தது. எங்கள் கேப்டன் சாப்பாட்டுக்கே அப்படி வந்ததில்லை.

அப்புறம் திரை. கலத்தோடு நீ அனுப்பிய கணினிக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பாவம், வாளியைக் கட்டிக்கொண்டே வாழ்கிறார். ஆனாலும் எழுந்து வந்து அது எடுத்த படத்தை விரித்தார். எண்ணூறு மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அதில் வந்து சேரும் சின்னப் பள்ளங்கள். சேற்றில் விரலால் அழுத்தியது போல வட்டக் குழிகள், நூற்றுக்கு மேல் எண்ணினோம். கேப்டன் சாப்பிட்ட கையோடு வந்து நின்றார். "இத்தனை வருஷமா இது மேலதான்யா போய்ட்டு வந்துட்டிருக்கோம். கீழ என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். எச்சில் கை காய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. பழைய கலத்தை ஏற்றுவதென்றால் இரண்டு பேர் சின்னப் படகில் இறங்கிப் பக்கத்தில் போய்க் கொக்கி மாட்ட வேண்டும். புதியதன் மூக்கில் அகலமாக ஒரு வளையம் வைத்திருக்கிறாய். தளத்தில் நின்றபடியே நீளக் கழியால் மாட்டிவிட்டேன். ஒருவரும் கீழே இறங்கவில்லை. நான் அன்று எழுதியதைப் படித்திருக்கிறாய், இல்லையா?

மாமா


ஜனவரி 31

அன்புள்ள மாமா,

படித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை என் மேசைக்கு எதிரில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், முதலில் ஒட்டியது கோபத்தில்தான். "கொக்கி மாட்ட இரண்டு பேரைப் படகில் இறக்க வேண்டும். இந்த அலையில் என் ஆட்களை இறக்க மாட்டேன்." தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் டீயோடு நின்று படிக்கும்போது, நீங்கள் என் கலத்தைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை, அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. அன்றைக்கே மூக்கை வரையத் தொடங்கினேன். பதினொரு முறை வரைந்தேன். பத்து முறை, கழி வழுக்கும் என்று நானே கிழித்துப் போட்டேன்.

உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. வந்ததெல்லாம் நாற்பது பக்கக் கையேடுதான்.

இன்றைய உங்கள் கடிதத்தில் அந்த வளையத்தைப் பற்றிய இடத்தை மட்டும் பத்துத் தடவை படித்திருப்பேன். அக்கா கையிலிருந்து பிடுங்கி, தானும் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் இப்படியே எழுதிக்கிட்டே இருங்க, நேர்ல பேசித் தொலைச்சிடாதீங்க" என்றாள்.

நட்டு


பிப்ரவரி 10

நட்டு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. மாப்பிள்ளை வரவில்லை.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு இறக்கினோம். மாலை ஐந்துக்கு வர வேண்டியது. பதினொரு மணி வாக்கில் ஒலி வழியாக வரும் சமிக்ஞை, "நின்றுவிட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னதாகக் கணினிக்காரர் சொல்கிறார். அப்புறம் சத்தமே இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். கண் பூத்துப்போயிற்று.

உன்னிடம் ஏதாவது வழி இருக்கிறதா? உடனே எழுது.

மாமா


பிப்ரவரி 11

மாமா,

வழி இருக்கிறது. அதாவது, இருந்தது. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

கலத்தின் வயிற்றில் ஓர் ஈயக்கட்டி தொங்குகிறது. அதைப் பிடித்திருப்பது விரல் அளவு உலோகத் துண்டு ஒன்று. கடல் தண்ணீர் அரித்துத் தின்பதற்கென்றே செய்தது. கலம் எங்கே சிக்கினாலும், மின்சாரம் போனாலும், பதினெட்டு மணி நேரத்தில் அந்தத் துண்டு கரைந்து அறும், கட்டி விழும், கலம் மேலே வரும். கம்ப்யூட்டர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கடலே சாவி. நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அதுதான். ஒவ்வொரு முங்கலுக்கும் புதுத் துண்டு போட வேண்டும், கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம்.

முப்பது மணி நேரம் காத்திருந்துவிட்டு, அட்டவணைப்படி கப்பல் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது என்று காலையில் பட்டறைக்குத் தகவல் வந்தது. துண்டு அறவில்லை என்றால் என் கணக்கு தப்பு. இருபத்தொன்றாம் தேதி விசாரணை. கலம் கிடைக்காவிட்டால் இந்த வடிவமைப்பையே மூடிவிடுவார்கள். ஆறு வருட வேலை, மாமா. கலத்தின் விளக்குக்கும் ரேடியோவுக்கும் தனி பேட்டரி உண்டு, அதுவும் ஐந்து நாளில் தீர்ந்துவிடும்.

பதினேழு முறை சோதித்தேன். எங்கே தப்பினேன் என்றே தெரியவில்லை.

நட்டு


பிப்ரவரி 12

நட்டு,

நீ எங்கேயும் தப்பவில்லை. தப்பு என்னுடையது.

முதல் முங்கலுக்குப் பிறகு அந்தத் துண்டைப் பார்த்தேன். பாதி அரித்துப் போயிருந்தது. யாரோ மட்டமான உலோகத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் உனக்குத்தானே அவமானம்? அதனால் வாயைத் திறக்காமல், உதிரிச் சாமான் டப்பாவிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துப் போட்டு, கிரீஸ் தடவினேன். டப்பாவில் இருந்த மற்றதுக்கும் சேர்த்துத் தடவினேன். அடுத்த முங்கலில் பளபளவென்று அப்படியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் மேசைக்கு அடியிலிருந்து கையேட்டை உருவி முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய்: "எண்ணெய், கிரீஸ், பெயின்ட் எதுவும் படக்கூடாது."

இதை ரேடியோக்காரர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இப்போதே கேப்டனிடமும் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை விசாரணையில் காட்டு. இருபத்தாறு வருடத்தில் என் பேரில் ஒரு புகார் கிடையாது, ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். உன் ஆறு வருடத்துக்கு நான் வேறென்ன செய்ய முடியும்?

மாமா


பிப்ரவரி 13

மாமா,

அழுதுகொண்டே சிரித்தேன், அக்கா பயந்துவிட்டாள். என் மானத்தைக் காப்பாற்றப் போய்!

புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஜனவரியிலேயே கிரீஸ் என்று எழுதியிருந்தீர்கள். நான் வளையத்தைப் பற்றிப் படித்த சந்தோஷத்தில் அந்த வரியைத் தாண்டிப் போனேன். கையேடு மேசைக்கு அடியில் கிடக்கிறது என்று தெரிந்தும் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

இப்போது கேட்பதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள். என்ன கிரீஸ்? பிரஷ்ஷா, விரலா? எத்தனை பூச்சு?

மாமா, கிரீஸ் தண்ணீரைத் தாமதப்படுத்தும், ஒரேயடியாகத் தடுக்காது. அந்தத் துண்டு இப்போதும் கீழே கரைந்துகொண்டுதான் இருக்கும். எத்தனை நாளில் அறும் என்பதுதான் கேள்வி. கிரேன் கம்பிக்குப் போடும் கறுப்பு கிரீஸாக இருக்கும் என்று ஊகித்துத் துறைமுகக் கடையில் வாங்கிவிட்டேன். பட்டறை ஃபிரிட்ஜிலிருந்து எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் வெளியே வைத்துவிட்டு, கடல் தண்ணீர் வாளிக்குள் துண்டுகளைப் போட்டிருக்கிறேன். கடலடிக் குளிர் வேண்டுமே. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

நட்டு


பிப்ரவரி 14

நட்டு,

கறுப்பு கிரீஸ்தான். விரலால், ஒரே பூச்சு, ஆனால் தாராளமாக.

கேப்டனிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் அட்டவணையை எடுத்து நாள் நாளாகப் புரட்டினார். அது திட்டைவிட மோசம். பிறகு, "திரும்பப் போய்த் தேட ஒரு நாள் தரேன். விடிஞ்சதுலேர்ந்து இருட்டற வரைக்கும். எந்த நாள்னு உங்க மச்சினியையே சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்தான்" என்றார்.

எந்த நாள் என்று நீ சொல். எங்கே என்று நான் சொல்கிறேன். அங்கே மேல் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பது எனக்குக் கை ரேகை மாதிரி.

மாமா


பிப்ரவரி 15

மாமா,

துண்டின் கழுத்து மூன்று மில்லிமீட்டர். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரே பூச்சில் ஊறும் துண்டை மணிக்கொரு முறை அளந்திருக்கிறேன். இன்று காலையோடு இரண்டு நாள். புள்ளி ஆறு கரைந்திருக்கிறது. அப்படியானால் பத்து நாளில் அறும், அதாவது பத்தொன்பதாம் தேதி. ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். அதனால் இருபதாம் தேதியைக் கேளுங்கள்.

விளக்கு எரியாது, ரேடியோ பேசாது. உங்கள் கண் மட்டும்தான். கண்ணாடியைத் துடைத்து வையுங்கள்.

நட்டு


பிப்ரவரி 20

நட்டு! நட்டு! நட்டு!

கிடைத்துவிட்டது. நாளைக் காலை வரை இந்தக் கடிதம் காத்திருக்கக் கூடாது என்று ரேடியோக்காரர் விதியை மீறி இப்போதே அனுப்புகிறார். அவரும் அழுதார், கேட்டால் இல்லை என்பார்.

பதினெட்டாம் தேதி மேலே வந்திருந்தால் எங்கே போயிருக்கும், இன்று காலை வந்திருந்தால் எங்கே இருக்கும் என்று வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து நடுவில் கோடு போட்டேன். விடிந்ததிலிருந்து அந்தக் கோட்டின் மேலேயே போனோம். அலை இரண்டரை மீட்டர். வேலை இல்லாதவர்கள் எல்லோரும் கம்பியோரம் நின்றார்கள், சமையல்காரர்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டார். மதியம் இரண்டு மணி வரை ஒன்றுமே இல்லை.

அப்போது தூரத்தில் ஏழு பறவைகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் பறவை மிதக்கும், உட்காரும், ஆனால் நிற்குமா? "அங்க ஓட்டுங்க, அங்க ஓட்டுங்க!" என்று கத்தினேன். பக்கத்தில் போனால் மாப்பிள்ளை. முதுகெல்லாம் எச்சம், வாலில் கலத்தைத் தள்ளும் சுழலியைச் சுற்றிக் கிழிந்த பழைய வலை. அந்த வலையின் பாரம்தான் கீழே பிடித்து வைத்திருந்தது. வயிற்றில் ஈயக்கட்டி இல்லை. கரைந்து போன உன் துண்டின் காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் என் கிரீஸும் கொஞ்சம்.

அந்த அலையில் படகு இறக்கியிருக்க முடியாது. இறக்கச் சொன்னாலும் மாட்டேன் என்றிருப்பேன். கழியை நீட்டி மூன்றாம் தடவையில் வளையத்தில் மாட்டினேன். வளையம் இல்லாவிட்டால் கண்ணெதிரே மிதந்தும் கைவிட்டிருப்போம். உன் பதினொரு வரைபடத்துக்கும் ஒரு கும்பிடு.

நின்றுபோன நிமிடம் வரை எடுத்த படம் அத்தனையும் உள்ளே பத்திரம்.

மாமா


பிப்ரவரி 22

அன்புள்ள மாமா,

விசாரணை முடிந்தது. தலைவர் உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கிரீஸ் போட்டது இவருதான்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரே, அப்புறம் என்ன?" என்றார். முடித்துக்கொள்ளலாம் என்ற முகம். நான் எழுந்தேன்.

"துருப்பிடிக்க வேண்டிய துண்டை, துருப்பிடிக்கக் கூடாத பத்துப் பதினைந்து சாமானுக்கு நடுவுல, அதே நிறத்துல, ஒரு அடையாளமும் இல்லாம வச்சது நான். கப்பலையே துரு அண்டாம வச்சிருக்கற ஒரு நல்ல கை அதைத் தொட்டா என்ன ஆகும்னு நான் யோசிக்கலை. அவரு வேலையை நல்லா செஞ்சதாலதான் இது நடந்தது. அப்போ வடிவமைப்புதான் தப்பு" என்றேன். உங்கள் பேரில் புகார் இல்லை. திருத்தத்தோடு வேலை தொடரலாம் என்று எழுதிவிட்டார்கள்.

இனி அந்தத் துண்டுக்குச் சிவப்புக் கூடு. மேலே பெரிய எழுத்தில், "என்னைச் சாக விடு." நல்ல வாசகம் தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள். புது வரைபடத்தை இன்று அனுப்புகிறேன். வலது மூலையில் இரண்டு கட்டம் உண்டு. வரைந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் என்ற கட்டம் உங்களுக்கு. பட்டறையில் சம்மதம் வாங்கியாயிற்று. இனி எந்த வரைபடமும் கழி பிடிக்கிற கையைத் தாண்டாமல் கடலுக்குப் போகாது.

ஒன்று பாக்கி. அன்று இருபது பேர் முன்னால் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள், மாமா. இதை ரேடியோக்காரர் சத்தமாகப் படிக்கட்டும், கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கட்டும்.

நட்டு


பிப்ரவரி 24

அன்புள்ள நட்டு,

சத்தமாகத்தான் படித்தார். சாப்பாட்டு நேரத்தில், இரண்டு தடவை.

கையேட்டை அட்டை முதல் அட்டை வரை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து முடித்தேன். எட்டாம் பக்கத்திலும் பத்தொன்பதாம் பக்கத்திலும் எனக்குச் சண்டை இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்ளலாம். மேசை மறுபடி ஆடுகிறது. வாசகத்தை மாற்றாதே, அதுவே இருக்கட்டும்.

நேற்று முழுக்க உட்கார்ந்து டப்பாவில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் கிரீஸைத் துடைத்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பில் கழுவி, வெயிலில் காயவைத்தேன். இன்று காலை ஏழு மணிக்கு அதில் ஒன்றைப் பூட்டி மாப்பிள்ளையை மறுபடி இறக்கினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஓர் இரும்பை, "போ, அரித்துப் போ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது மணி பதினொன்று. கம்பியோரம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நீ சொன்னது முழுப் பொய்யும் இல்லை, நட்டு. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் புது வரைபடத்தில், சரிபார்த்தவர் கட்டத்தில், கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மாமா